அனுமதிக்கப்பட்ட ஒளிவிலகல் எண்

அரசுத் திட்டம் ஒன்றுக்குப் பயனாளி ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்ட காலையில், சகாதேவன் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்.

தேவைப்பட்டது கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் உள்ள ஒளியியல் பாலிமர் ஆய்வு மையத்துக்கு. பாலிமர் என்பதை ஊரில் பிளாஸ்டிக் என்பார்கள். மையத்துக்குள் அப்படிச் சொல்வது விரும்பப்படுவதில்லை. கண்ணாடி போலத் தெளிவாகவும், தாள் போல மெலிதாகவும், சூட்டில் கெடாமலும் இருக்கும் மூக்குக்கண்ணாடி வில்லைகளுக்கு ஒரு பாலிமரை வடிவமைப்பதாக மையம் விண்ணப்பித்திருந்தது. விண்ணப்பத்தின் முப்பத்தொன்றாவது கேள்வி, பயனாளியின் பெயரும் இடது பெருவிரல் ரேகையும். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதி முடித்த பிறகுதான், இதனால் யாருக்காவது பயன் இருக்க வேண்டும் என்பது மையத்தின் கவனத்துக்கு வந்தது.

அந்தத் திட்டத்தில் ஆய்வு மாணவியாக இருந்த அறிவுமதி, கடலை வாங்க வண்டியை நிறுத்தினார். சகாதேவனின் முகத்தைப் பார்த்தவர் கடலையை மறந்துவிட்டார்.

"அண்ணா, இந்தக் கண்ணாடி இன்னா இப்படி ஆயிருக்குது?"

"வாணல் சூடும்மா. ரெண்டு மாசம் போட்டா மேல இருக்குற பூச்சு வெடிச்சிடுது. காஞ்ச ஏரி மாதிரி ஆயிடும். அந்த வெடிப்பு வழியாத்தான் உன்னப் பாக்குறேன். நீ மூணு பேரா தெரியிற."

"பிளாஸ்டிக் வேணாம்னு நெஜக் கண்ணாடியே போட்டுக்கலாமே?"

"போட்டேன். நம்ம பவரு மைனஸ் பதினாலு. அந்த வெயிட்டுக்கு மூக்கு எறங்கிப்போச்சு. குனிஞ்சா வாணல்ல வுழுது. ஒரு தபா கடலையோட சேத்து வறுத்தே எடுத்துட்டேன்."

பக்கத்தில் தோல் புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆதிலட்சுமி முறத்தை நிறுத்தினார். "உப்பு போட்டுக் குடுத்திருந்தா அதையும் எவனாச்சும் வாங்கித் தின்னுருப்பான். இவருக்குத்தான் ஆளே தெரியாதே."

அன்று மதியமே சகாதேவனின் ரேகை பதிவாயிற்று.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கடலை செவந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். இரண்டு வருடமாக அவர் அதை மூக்கால் கண்டுபிடித்துவந்தார். மூக்குக்குத் தெரியும்போது பாதிக் கடலை கருகியிருக்கும்.

முதல் ஆய்வுக் கூட்டம் ஒரு பௌர்ணமியன்று நடந்தது. நிபுணர் குழு சென்னையிலிருந்து வருவது. அதன் எல்லாக் கூட்டங்களும் பௌர்ணமியன்றே அமைந்தன. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்று மையத்தின் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். கூட்டம் பதினோரு மணிக்குத் தொடங்கி, மலை சுற்றக் கிளம்பும் நேரத்தில் முடியும். சகாதேவனுக்கு மாதத்தில் உருப்படியான வியாபாரம் நடப்பது அந்த ஒரு நாள்தான். அன்று பேருந்துகள் ஊருக்கு வெளியே நிற்கும். ஆட்டோ உள்ளே வராது. அவர் கடையை ஆதிலட்சுமியிடம் விட்டுவிட்டு, ஜனக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, மோதியவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மோதியவற்றில் இரண்டு மின்கம்பங்கள்.

கூட்டத்தில் மையத்தின் இயக்குநர் முருகவேல் திட்டத்தை விளக்கினார். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அதற்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். எண் கூடினால் வில்லை மெலியும். சாதாரணப் பிளாஸ்டிக் வில்லைக்கு அது 1.50. மையம் 1.70 கேட்டிருந்தது. நூற்றைம்பது டிகிரி வரை சூடு தாங்க வேண்டும், விழுகிற ஒளியில் தொண்ணூறு விழுக்காடு உள்ளே போக வேண்டும், ஆயிரம் மணி நேரம் அடுப்பில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பவை மற்ற எண்கள்.

நிதி அலுவலர் மாறன் விண்ணப்பத்தைப் புரட்டினார். அவர் முப்பது வருடப் பணியில் ஒரு விண்ணப்பத்தையும் முழுசாக அனுமதித்ததில்லை என்று பேர் எடுத்தவர்.

"எல்லாமே ஜாஸ்தியா இருக்குதே சார். நீங்க 1.70 கேப்பீங்க, நாங்க கொறைப்போம்னு தெரிஞ்சேதான் கேக்குறீங்க. எனக்குத் தெரியாதா? வழக்கப்படி பத்து பர்சென்ட் கம்மி பண்றேன்."

"சார், அது பணம் இல்லீங்க. ஒளிவிலகல் எண்" என்றார் அறிவுமதி.

"எண்ணுதானேம்மா? எண்ணுன்னா கொறைக்கலாம்."

சிவப்புப் பேனாவால் 1.70 என்பது 1.53 ஆயிற்று. நூற்றைம்பது டிகிரி நூற்று முப்பத்தைந்து ஆயிற்று. தொண்ணூறு விழுக்காடு ஒளி எண்பத்தொன்றாகக் குறைந்தது. மீதி ஒளி தேவைப்பட்டால் அடுத்த நிதியாண்டில் கேட்கலாம். ஆயிரம் மணி நேரம் தொள்ளாயிரம் ஆனது; அரசு விடுமுறைகள் அதில் அடங்கும். ஆய்வுக் கூட்டங்களின் எண்ணிக்கை மட்டும் நான்கிலிருந்து பதினொன்றாக உயர்ந்தது. முருகவேல் எழுந்து நன்றி சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தில் சகாதேவனை எழுத்துப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னார்கள்.

"மேல இருக்குறது தெரியுதா?"

"எதுக்கு மேலங்க?"

"பலகைக்கு மேல."

"பலகை எங்க இருக்குதுங்க?"

கை தட்டினார்கள். குழுத் தலைவர் எழுந்தே தட்டினார். திட்டத்தின் தொடக்க நிலை இவ்வளவு வலுவாக அமைந்து தான் எங்கும் பார்த்ததில்லை என்றார். பிறகு மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"நண்பர்களே, ஒருவருக்கு நாம் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் ஒருவர் பார்ப்பார். அதோடு முடிந்தது. ஆனால் ஒரு திட்டத்தைக் கொடுத்தால் நாம் அத்தனை பேரும் அவரைப் பார்ப்போம். தொடர்ந்து பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் பார்ப்போம். அதுதான் அறிவியல் பார்வை. கண்ணாடி வருமா, எப்போது வரும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். அவர்களுக்காகத் தனிப் படிவமே வைத்திருக்கிறோம்."

அன்றிலிருந்து சகாதேவன் கண்ணாடியை மாற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. புதுக் கண்ணாடி போட்டால் தொடக்க நிலை கெட்டுவிடும். அந்த உத்தரவோடு எண்பத்துநான்கு பக்கத்தில் ஓர் அறிக்கையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்று கொடுப்பார்கள். தாள் நல்ல தடிமன். ஆதிலட்சுமி அவற்றைக் கிழித்துக் கடலைக்குப் பொட்டலம் சுற்றினார். அடி அண்ணாமலைப் பக்கம் அந்தத் திட்டத்தின் முன்னேற்றம் பலருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

"உன் கண்ணு கெட்டதுல இந்த ஒண்ணுதான் மாமா லாபம்" என்றார் அவர். "பேப்பர் கடைக்குப் போற வேல மிச்சம்."

ஆய்வகத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அறிவுமதி ஒரு நாள் கடலை வாங்க வந்தபோது தன் சிக்கலைச் சொன்னார். "கந்தகம் சேத்தா லென்ஸ் மெலிசாவுதுண்ணா. ஆனா சூட்டுல இளகுது. வளையம் வளையமா இருக்குற மூலக்கூறு சேத்தா சூடு தாங்குது, மஞ்சளாயிடுது. மஞ்சள எடுத்தா திரும்பவும் தடிக்குது. மூணும் ஒண்ணா வரமாட்டேங்குது."

"நம்ம ஆபீஸருங்க மாதிரிதான்னு சொல்லு" என்றார் சகாதேவன். "ஒருத்தரு இருந்தா ஒருத்தரு இருக்கமாட்டாரு."

கந்தகச் சேர்மங்களுக்கு அழுகிய முட்டையின் நாற்றம். அது மாடியிலிருந்து இறங்கி இயக்குநர் அறைக்குள் போன அன்று, முருகவேல் ஒரு சுற்றறிக்கை விட்டார்: ஆன்மிக நகரம் ஒன்றில் அமைந்துள்ள மையத்தின் உணவகத்தில் முட்டை பரிமாறப்படுவது கவனத்துக்கு வந்துள்ளது, உடனே நிறுத்தப்படுகிறது. முட்டை நின்றது. நாற்றம் நிற்கவில்லை. யாரோ ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று மூவர் குழு அமைத்து விசாரித்தார்கள். மூவரும் மேசை இழுப்பறைகளைத் திறந்து முகர்ந்துகொண்டே போய், கடைசியில் அறிவுமதியின் ஆய்வகத்தை அடைந்து, இங்கேதான் ஜாஸ்தியாக இருக்கிறது, ஆனால் இங்கே முட்டை இல்லை என்று அறிக்கை கொடுத்துக் கலைந்தார்கள்.

அடுத்த தொல்லை அடுப்பு. வில்லைகளைத் தொள்ளாயிரம் மணி நேரம் இடைவிடாமல் சூட்டில் வைக்க வேண்டும். ஆனால் மாலை ஐந்தரைக்கு மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும் என்பது காவலாளி வேடியப்பனுக்கு இடப்பட்ட நிலையாணை. அவர் ஐந்து இருபத்தொன்பதுக்கே சுவிட்சுப் பெட்டியில் கை வைத்தபடி நிற்பார். இரண்டு முறை ஏழாவது மணி நேரத்திலும், ஒரு முறை எட்டாவது மணி நேரத்திலும் சோதனை செத்தது. அறிவுமதி விலக்குக் கேட்டு மனுப் போட்டார். மின்சாரத்தை அணைக்காமல் இருக்க அனுமதி தரும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று தெளிவுரை கேட்டுக் கோப்பு சென்னைக்குப் போயிற்று.

அறிவுமதி கடையில் வந்து உட்கார்ந்து, கடலையைத் தின்னாமல் உரித்துக்கொண்டே இருந்தார். சகாதேவன் கேட்டார்: "உங்க அடுப்புல லைட்டு ஏதாச்சும் எரியுமா?"

"சின்னதா ஒரு செவப்பு லைட்டு எரியும்ணா."

"அப்ப ஒரு அண்ணாமலையார் படம் வாங்கி அதுக்கு மேல ஒட்டு. வேடியப்பன் நம்ம ஊர்க்காரன்தான். எரியிற வெளக்கக் கையால அணைக்கமாட்டான்."

ஒட்டினார். அன்று மாலை வேடியப்பன் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அந்த ஒரு இணைப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தார். மறுநாளிலிருந்து அடுப்புக்குப் பூ வந்தது. மூன்றாவது வாரம் குழுத் தலைவரே வந்து அடுப்பின் முன் கண்மூடி நின்று, இந்த ஆய்வகத்தில் ஓர் அதிர்வு தெரிகிறது என்றார். அது விசிறியின் அதிர்வு. அடுப்பு தொள்ளாயிரத்தையும் தாண்டி, ஆயிரம் மணி நேரம் அணையாமல் எரிந்தது. விலக்குக் கேட்ட கோப்பு இன்னும் திரும்பவில்லை.

ஆயிரம் மணி நேரம் கழித்து அறிவுமதி கதவைத் திறந்தபோது மூன்று ஜோடி வில்லைகளும் வைத்தபடியே இருந்தன. மஞ்சள் இல்லை, வெடிப்பு இல்லை, வளைவு இல்லை. மூன்றும் சகாதேவனின் பவருக்கே செய்யப்பட்டவை. அறிவுமதி அன்றே அடி அண்ணாமலைக்குப் போனார்.

"வந்துடுச்சுண்ணா."

சகாதேவன் வறுக்கிற கரண்டியை வைத்துவிட்டார். "எப்பம்மா குடுப்பாங்க?"

"கூட்டத்துல பாஸ் பண்ணிட்டா பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க. ஆடிட்டுக்காக ஏழு வருஷம் அப்படியே இருக்கணுமாம். பாஸ் ஆன பொருள் வெளிய போறதுக்கு ரூலே கெடையாதுண்ணா."

"ஃபெயில் ஆச்சுன்னா?" என்று கேட்டது ஆதிலட்சுமி.

அறிவுமதி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பத்தாவது கூட்டத்தில் அறிவுமதி முடிவுகளை வாசித்தார். சூடு, தெளிவு, மணி நேரம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் அளந்த ஒளிவிலகல் எண்ணைச் சொன்னார்: 1.70. அதோடு விட்டிருக்கலாம். "அனுமதிக்கப்பட்டது 1.53ங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மாறன் நிமிர்ந்தார். "அனுமதிச்சதுக்கு மேலயா?"

"ஆமாங்க சார்."

"யாரைக் கேட்டு?"

"தானா வந்துடுச்சுங்க சார்."

"தானா வந்துச்சுன்னா நாளைக்கு ஆடிட்ல நான் இன்னாம்மா பதில் சொல்றது? 1.53க்குத்தான் ஆர்டர் இருக்குது. மீதிய எங்கேந்து கொண்டாந்தீங்க?"

முருகவேல் எழுந்து, எண் கூடினால் நல்லதுதான் என்று தொடங்கினார். தலைவர் கையமர்த்தினார். "நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. உத்தரவுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்திருந்தால் மன்னித்திருக்கலாம், முயற்சி போதவில்லை என்று எழுதி, காலநீட்டிப்புக் கொடுத்திருப்போம். கூடியிருப்பது ஒழுங்கீனம்."

மூன்று ஜோடிகளும் நிராகரிக்கப்பட்டன. அறிவுமதி முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்றார். அது அவருக்குச் சரியாக வரவில்லை. அவருடைய ஆய்வேட்டுக்கு வேண்டிய அளவுகள் எல்லாம் குறிப்பேட்டில் பத்திரமாக இருந்தன. நிராகரிப்பதற்குக்கூட அவற்றைக் குழு கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்தது; உறுதிசெய்தது.

நிராகரித்த பொருளைக் கழிவு செய்து மூன்று நாளில் வெளியேற்ற வேண்டும். கந்தகம் கலந்தது என்று நகராட்சி வண்டி எடுக்க மறுத்தது. கழிவைச் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்ல யாராவது முன்வந்தால் கொடுத்துவிடலாம் என்று முருகவேல் எழுதினார். ஒருவர் முன்வந்தார். கழிவுப் பதிவேட்டில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் அவர் தடவ, அறிவுமதி விரலைப் பிடித்துக் காட்டினார்.

புறவழிச்சாலைக் கடையொன்றில் வில்லைகளை ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சகாதேவன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று ஆதிலட்சுமியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னா மாமா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எப்ப நரைச்சிச்சு உனக்கு?"

"நீ கமிட்டிக்குப் போவ ஆரம்பிச்சதுலேர்ந்து."

மறுநாள் அவர் வறுத்த கடலையில் ஒன்றுகூடக் கருகவில்லை.

மையத்துக்கோ, உத்தரவுக்குப் பொருந்தும் வில்லை ஒன்று வேண்டியிருந்தது. முருகவேல் விசாரித்தார். ஒளிவிலகல் எண் 1.53 கொண்ட வில்லை சென்னைக் கடைகளில் பல வருடங்களாகவே கிடைக்கிறது என்று தெரிந்தது. ஒரு ஜோடி வாங்கிவந்து, கண்ணாடிப் பேழையில் வெல்வெட் துணிமேல் வைத்து, மாலை போட்டார்கள். மாறன் உத்தரவையும் வில்லையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இம்மி பிசகாமல் இருக்கிறது என்று கண்கலங்கினார். அதைச் சகாதேவனிடம் கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பாஸ் ஆன பொருள் அது.

பதினோராவது கூட்டம் நிறைவுக் கூட்டம். சகாதேவன் வெடித்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். புதியது சட்டைப் பையில் இருந்தது. பயனாளி பயனடைந்துவிட்டால் கழிவு எப்படி வெளியே போனது என்று விசாரணை வரும், மூன்று ஜோடியையும் திரும்பக் கேட்பார்கள் என்று அறிவுமதி சொல்லியிருந்தார். எழுத்துப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"ரெண்டாவது கூட்டத்துக்கும் இப்பவும் ஏதாவது வித்தியாசம்?"

"அப்ப கைதட்டுனது நல்லா கேட்டுச்சுங்க. இப்ப அதுவும் கொஞ்சம் கம்மியாத்தான் கேக்குது."

பயனாளியின் குறை இன்னும் தீராததால் இரண்டாம் கட்டத்துக்கு அவசியம் இருப்பதாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. காதுக்கும் ஒரு திட்டம் பரிசீலிக்கப்படும் என்றார் தலைவர். எண்பத்துநான்கு பக்க நிறைவறிக்கையை சகாதேவன் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் அவர் கடைக்குத் திரும்பிவிட்டார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். ஆதிலட்சுமி அறிக்கையை நான்காகக் கிழிக்க ஆரம்பித்தார்.

ஆறு மணிக்குக் கூட்டம் பெருகியது. நூறடி தூரத்திலேயே சகாதேவன் அவர்களைப் பார்த்துவிட்டார். வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு தலைவரும், பின்னால் இரண்டு பேரின் செருப்பையும் ஒரு பையில் தூக்கிக்கொண்டு மாறனும் வந்தார்கள். சகாதேவனுக்கு முகத்தை மறைக்க நேரமில்லை. இருவரும் நேராகக் கடைக்கே வந்து நின்றார்கள்.

"சூடா இருக்குதாப்பா?" என்றார் தலைவர். அவர் கண் சகாதேவனின் முகத்தில் விழுந்து, அங்கே எதையும் காணாமல் கடலைக்குப் போயிற்று. தடித்த கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

"இப்ப எறக்கிடுவேன் சார். ரெண்டு நிமிஷம்."

தலைவர் வாணலின் மேல் குனிந்து வாசனை பிடித்தார்.

"கிட்ட வராதீங்க சார். சூட்டுல கண்ணாடி பூச்சு வெடிச்சிடும்."

தலைவர் சிரித்தார். "நீ எனக்குக் கண்ணாடியைப் பத்திச் சொல்றியா? இது வெளிநாட்டு லென்ஸ்ப்பா." மாறனிடம் திரும்பினார். "எளிய மக்கள்கிட்டகூட விழிப்புணர்வு வந்திருக்கு பாருங்க. இதை நம்ம திட்டத்தோட தாக்கம்னு சேர்த்துக்கலாம்." பிறகு இன்னும் நன்றாகக் குனிந்தார். கடலை செவக்கும் வரை குனிந்தபடியே நின்றார்.

நிமிர்ந்தபோது கண்ணைச் சிமிட்டினார். கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி துடைத்தார். வில்லை இரண்டிலும் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடியிருந்தது.

ஆதிலட்சுமி பொட்டலத்தை நீட்டினார். தலைவர் அதைத் தடவி வாங்கினார். தாளின் தடிமன் அவருக்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். விளக்கருகே பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் கொண்டுவந்தார். மாறனிடம் நீட்டினார். மாறன் தன் படிக்கிற கண்ணாடியை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னப்பா இது, ஒண்ணுமே தெரியலை. என்ன எழுதியிருக்கு?"

சகாதேவன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, வாணலுக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். எழுத்து பொடியாக இருந்தது. மடிப்பு வேறு. அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'பயனாளியின் பார்வையில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை'ன்னு போட்டிருக்குதுங்க சார்."

"அடப் பாவமே" என்றார் தலைவர். மாறனின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் வழியைத் தடவித் தடவி மலையைச் சுற்றப் போனார்.